பாதி முகத்துக் குலவை

ஆடி 12, திங்கள்

முகம் கோணிப்போனதை நாள்தோறும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அஞ்சாம் வகுப்போடு நின்ற கை இது. எழுத்தும் கொஞ்சம் கோணும். முகத்துக்குப் பொருத்தமாக இருக்கட்டும்.

சனிக்கிழமை காலையில் வாய் கொப்பளித்தேன். தண்ணீர் நான் துப்பிய பக்கம் போகாமல், வலது கடைவாய் வழியாகச் சேலையில் வழிந்தது. பார்த்துக்கொண்டிருந்த மருமகள் உமா, "அத்தை, கொஞ்சம் சிரிங்க" என்றாள்.

"காலங்காத்தால எதுக்குடி சிரிக்கணும்?"

"ஐயோ, சிரிங்க அத்தை!"

இந்த வீட்டுக்கு வந்த இருபத்து நாலு வருஷத்தில் அவள் என்னைச் சிரிக்கச் சொன்னது அன்றைக்குத்தான். சிரித்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. என் மகன் செல்வராசு பனியனோடு காரை எடுத்தான். திருமங்கலத்திலிருந்து மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை பக்கவாதம் என்றே மூன்று பேரும் நினைத்தோம்.

டாக்டருக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. புருவத்தைத் தூக்கச் சொன்னார். இடது தூக்கியது, வலது அப்படியே கிடந்தது. "நல்லது" என்றார். எனக்குக் கோபம் வந்தது.

"பக்கவாதமா இருந்தா வாய்தான் கோணும் பாட்டி, நெத்தி சுருங்கும். உங்களுக்கு நெத்தியும் அசையல. அதனால மூளையில ஒண்ணுமில்ல, முகத்தை அசைக்கிற நரம்புதான்" என்று சொல்லித் தன் உள்ளங்கையைக் காதோரம் வைத்து, ஐந்து விரலையும் கன்னத்தில் விரித்துக் காட்டினார். காதுக்குப் பின்னால் எலும்புக்குள் ஒரு சந்து இருக்கிறதாம். நரம்பு அதற்குள் வளைந்து வந்து, வெளியே எட்டியதும் இப்படி விரல் விரலாகப் பிரிகிறதாம். ஒன்று நெற்றிக்கு, ஒன்று கண்ணுக்கு, ஒன்று கன்னத்துக்கு, ஒன்று வாய்க்கு, கடைசி கழுத்துக்கு. அந்த நரம்பு சந்துக்குள்ளேயே வீங்கிவிட்டது. எலும்பு விலகி இடம் கொடுக்காது. எங்கள் தெருவில் லாரி மாட்டிக்கொண்ட கதைதான்.

"தொட்டா தெரியுதா?"

"தெரியுது."

"அதுக்கு வேற நரம்பு. உங்களுக்கு உணர்ச்சியெல்லாம் அப்படியேதான் இருக்கு. மூஞ்சில காட்டத்தான் முடியாது."

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "ஆவணி பத்தொன்பது என் பேத்தி கல்யாணம். குலவை போட முடியுமா?"

அவர் மெட்ராஸ்காரர். குலவை என்றால் என்ன என்றார். போட்டுக் காட்டினேன். உதடு குவியவில்லை. காற்றுப்போன டியூப் மாதிரி புஸ்ஸென்றது. நர்ஸ் திரும்பி நின்று சிரித்தாள். அவள் முகத்தைப் பார்த்து வைத்திருக்கிறேன்.

"நாக்கு நல்லாச் சுழலுதே பாட்டி. நாக்குக்கு வேற நரம்பு, அதுக்கு ஒரு குறையும் இல்ல."

"அது நல்லாத்தான் டாக்டர் இருக்கு" என்றாள் உமா. கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். இதையும் மனசில் வைத்திருக்கிறேன்.

சரியாக மூன்று வாரமும் ஆகலாம், மூன்று மாசமும் ஆகலாமாம். திரும்பும்போது செல்வராசுவிடம் உமா சொன்னாள்: "உள்ள இருக்கும், மூஞ்சில காட்ட முடியாதுங்கறார். அத்தைக்கு எப்பவுமே அப்படித்தானே?" என் இடது கண் மூடியிருந்ததால் தூங்குகிறேன் என்று நினைத்துவிட்டாள். வலது கண் மூடாது. அது திறந்துதான் இருந்தது.

ஆடி 13, செவ்வாய்

மதுரைக்குச் சீர்ச்சேலை எடுக்கப் போய்வந்தபோது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த ஆடிக் காற்றுதான் காரணம் என்று தெருவே சொல்கிறது. அதெல்லாம் இல்லை என்கிறார் டாக்டர். ஜன்னலோரம் நான்தான் அடம்பிடித்து உட்கார்ந்தேன் என்கிறாள் உமா. உட்கார வைத்தது அவள்.

மாத்திரை எட்டு.

ஆடி 15, வியாழன்

சாம்பாரில் உப்பில்லை. சொன்னேன். போட்டாள். மறுபடியும் இல்லை. சொன்னேன். போட்டாள். மத்தியானம் செல்வராசு ஒரு வாய் வைத்தவன் எழுந்து ஓடினான். "சாம்பாரா இது? ராமேஸ்வரம் கடலா?"

நாக்கின் முன்பாதியிலிருந்து ருசி கொண்டுபோகிறதும் இதே நரம்பின் ஒரு கிளைதானாம். உமா அதைக் கேட்டுவிட்டு, "அப்ப இத்தனை வருஷமா எனக்குச் சமைக்கத் தெரியலைன்னீங்களே, அது எந்த நரம்பு அத்தை?" என்றாள். வாய் கோணியிருக்கும்போது வாதாடினால் எடுபடாது.

வலது காதில் மிக்சி அரைவை மில் மாதிரி கேட்கிறது. காதுக்குள் சத்தத்தை அடக்குகிற சின்னத் தசை ஒன்றையும் இந்த நரம்புதான் பிடித்திருக்கிறதாம். விட்டுவிட்டது.

ஆடி 16, வெள்ளி

ஜெனிபர் என்ற பெண் முகப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வருகிறாள். ஆஸ்பத்திரியில் டைரி எழுதச் சொன்னதும் இவள்தான். மெழுகுவர்த்தியை ஏற்றி, "ஊதி அணைங்க பாட்டி" என்றாள்.

"விளக்கை வாயால ஊதி அணைக்கிறதா? அதுவும் கல்யாண வீட்டுல, வெள்ளிக்கிழமை!"

"இது விளக்கு இல்ல பாட்டி, பயிற்சி."

"எரியுதுல்ல? அப்ப விளக்குதான்."

பாவம், யோசித்துப் பார்த்துவிட்டு, ஒரு டம்ளர் சுடுபால் கொண்டுவரச் சொன்னாள். மேலே படிகிற ஆடையை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஊதித் தள்ள வேண்டும். ஊதினேன். காற்றெல்லாம் வலது ஓட்டை வழியாகப் போய்விட்டது. ஆடை அசையவேயில்லை. என் மூக்குக் கண்ணாடியில்தான் ஆவி படிந்தது.

ஆடி 17, சனி

இன்றைக்குக் கேட்டது எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் போதும்.

மாப்பிள்ளை வீட்டார் ஏற்பாடு செய்திருக்கிற ஸ்பீக்கர் செட்டுக்காரனிடம் குலவை இருக்கிறதாம். பென்டிரைவில். தாலி ஏறும்போது பட்டனைத் தட்டினால் நாற்பது பொம்பளைகள் போட்ட மாதிரி வருமாம். "உனக்கும் சிரமம் இல்லம்மா" என்கிறான் செல்வராசு. அவன் பிறந்தபோது குலவை போட்டவள் நான்தான், பெற்றவளும் நான்தான். படுத்துக்கொண்டே போட்டேன்.

பேத்தி கயல் மட்டும், "மிஷின் குலவைன்னா நான் கழுத்த நீட்ட மாட்டேன்" என்றாள். நல்ல பிள்ளை. ஆனால் கல்யாணப் பெண் பேச்சை யார் கேட்கிறார்கள்?

வேறு குலவைக்காரி இல்லையா என்று உமா மெதுவாகக் கேட்டாள். யாரைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். ரெண்டு தெரு தள்ளி இருக்கிற வெள்ளத்தாயி. என் வீட்டுக்காரரின் தங்கை, என் நாத்தனார்.

அவளைப் பற்றி எழுதவேண்டுமானால் இந்த டைரி போதாது. சுருக்கமாக எழுதுகிறேன். என் கல்யாணத்தில் மூன்றாம் முடிச்சுப் போட்டவள் அவள். முடிச்சுக்குள் என் தலைமுடியையும் சேர்த்து இறுக்கிவிட்டாள். மூன்று நாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. இது முதலாவது.

இருந்தாலும் குலவையில் நாங்கள் ஜோடி. முளைப்பாரி எடுத்து வரும்போது ரெண்டு பேரும் எதிரெதிரே நிற்போம். ஒருத்திக்கு மூச்சு முடிகிற இடத்தில் மற்றவள் எடுத்துக்கொள்ள வேண்டும். கேட்கிறவர்களுக்கு ஒரே குலவை அறுபடாமல் போகிற மாதிரி இருக்கும். கை ரெண்டும் பாரிச் சட்டியைப் பிடித்திருப்பதால் சைகை காட்ட முடியாது. அதனால் மூச்சு முடியப்போகிறவள் இடது கண்ணை மூடுவாள். 'எடு' என்று அர்த்தம். இது எங்கள் ரெண்டு பேருக்கு மட்டும் தெரிந்தது.

செல்வராசு கல்யாணத்தில் நான் கண்ணை மூடவில்லை. என் மகன் கல்யாணம், நான் ஏன் மூட வேண்டும்? மூச்சு உள்ளவரைக்கும் நானே போட்டேன். கடைசியில் கொஞ்சம் கீச்சென்று போனது உண்மைதான். அதற்கு அவள், எதிரே வாயைத் திறந்தபடி நின்றிருந்தவள், பந்தியில் வைத்துச் சொன்னாள்: "என்ன மதினி, கடைசியில குக்கர் விசில் வந்துச்சு? சோறு வெந்துருச்சா?"

அன்றைக்கு நிறுத்தியதுதான் பேச்சு.

ஆடி 18, ஞாயிறு

பெருக்குக்கு ஏழு வகைச் சாதம் கிண்டினாள் உமா. எனக்கு ஏழும் ஒன்றுதான்.

ஆடி 21, புதன்

கண் காயாமல் இருக்க மருந்து விடுகிறார்கள். ராத்திரி இமையைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டுகிறார்கள். பகலில் போட்டுக்கொள்ளக் கயல் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி வந்தாள். போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். கேபிள்காரன் பாக்கி கேட்காமல் போய்விட்டான்.

வலது கண்ணில் எந்நேரமும் தண்ணீர். கீழிமை தொங்கிப்போனதால் நிற்காமல் வழிகிறது. "கயல் போயிருவாளேன்னு அழுறீங்களா பாட்டி?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்கிறாள். நரம்பு என்றேன்.

ஆடி 23, வெள்ளி

கோயிலுக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. ஆடி வெள்ளி. கறுப்புக் கண்ணாடியோடு அம்மன் முன்னால் நிற்பது மரியாதையில்லை என்று கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன். பெண்கள் ரெண்டு வரிசையாக எதிரெதிரே நின்றோம். எதிர்வரிசையில் வெள்ளத்தாயி. பார்க்காத மாதிரி பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைவிட ரெண்டு வயசு சின்னவள்.

தீபாராதனை தொடங்கியது. மணி அடித்தது. வழக்கமாக முதல் குலவை நான்தான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். விஷயம் தெரிந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். மணிச்சத்தம் மட்டும் போய்க்கொண்டிருந்தது, அதுவும் என் வலது காதில் மண்டை பிளக்கிற மாதிரி. எனக்கு வேறு வழி தெரியவில்லை. அம்மனைக் கும்பிட்டுக் கண்ணை மூடினேன்.

இடது மூடியது. வலது மூடவில்லை.

எதிரிலிருந்து குலவை கிளம்பியது. கோயில் தூண் நடுங்கியது என்றால் மிகையில்லை. வெள்ளத்தாயி கழுத்து நரம்பு புடைக்க என்னையே பார்த்துக்கொண்டு போட்டாள்.

திருநீறு வாங்கும்போதுதான் எனக்கு விளங்கியது. நான் கண்ணடித்துவிட்டேன்.

ஆடி 24, சனி

வந்துவிட்டாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். இருபத்து நாலு வருஷமாக மிதிக்காத வாசல். செருப்பைக் கழற்றும்போது வலது காலா இடது காலா என்று யோசித்து நின்றாள், நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

"மதினி."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"நீ கண்ண மூடுன, நான் எடுத்தேன். இப்ப எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்க?"

"தூக்கத்தான்டி முடியல."

அப்போதுதான் கிட்ட வந்து பார்த்தாள். ஆள் அடங்கிப்போனாள். என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள், கத்திரிக்காய் சொத்தையா என்று பார்க்கிற மாதிரி. "அடி ஆத்தி" என்றாள். அப்புறம், "இந்தப் பக்கம் சுருக்கமே இல்லையே மதினி. இருபது வயசு கொறஞ்சு தெரியுற. அந்தப் பக்கமும் இப்படி ஆனா இன்னொரு மாப்பிள்ள பாக்கலாம்" என்றாள்.

உமா அடுப்படிக்கு ஓடிப்போய்ச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பாதி வந்தது.

நான் கண்ணடிக்கவில்லை, சாமி கும்பிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். காப்பி வலது பக்கமாக வழிந்துவிட்டது. துடைத்து முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விட்டது.

ஆடி 28, புதன்

தினமும் வருகிறாள். கன்னத்தைக் கீழிருந்து மேலாக நீவ வேண்டும் என்று ஜெனிபர் சொல்லிக்கொடுத்ததை உமாவுக்கு முன்னால் இவள் கற்றுக்கொண்டாள். உமாவுக்குக் கல்யாண வேலை தலைக்குமேல் கிடக்கிறதாம். இவள்தான் தேங்காய் எண்ணெயைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். கை முரட்டுக் கை. நீவும்போது பேசுவதில்லை, எண்ணெய் வாயில் போய்விடும் என்று என்னையும் பேசவிடுவதில்லை. அரைமணி நேரம் நாங்கள் ரெண்டு பேரும் சண்டை போடாமல் இருக்கிறோம்.

பால் ஆடை இன்னும் அசையவில்லை.

ஆவணி 1, ஞாயிறு

மாசம் பிறந்ததும் பத்திரிகை கொடுக்க ஆரம்பித்தார்கள். வெள்ளத்தாயிக்கு நான்தான் வைக்க வேண்டும் என்றாள் உமா. தட்டில் வைத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டு, "குக்கர் கொண்டுவரவா, நீயே வச்சிருக்கியா?" என்றாள்.

மறக்கவில்லை பாருங்கள். மனுஷிக்கு அவ்வளவு ஞாபகம் ஆகாது.

ஆவணி 4, புதன்

செல்வராசு மறுபடியும் பென்டிரைவைப் பற்றிப் பேசினான். "சம்பந்தி வீட்டுல முடிவு பண்ணிட்டாங்கம்மா. உனக்கு வாய் சரியாகலைன்னா அதைத்தான் போடுவாங்க. வெள்ளத்தாயி அத்தை தனியாப் போட்டா மூச்சு பத்தாதுன்னு அத்தையே சொல்றாங்க."

வெள்ளத்தாயி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "ஆமாய்யா. எனக்கு இப்ப பாதி மூச்சுதான்" என்றாள். "மதினிக்குப் பாதி வாய். ரெண்டையும் சேத்தா ஒரு ஆளு வருவோம்ல?"

செல்வராசு போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான்.

அவள் மாடிப்படி ஏறினால் நடுவில் நிற்கிறாள். இத்தனை நாள் கவனிக்கவில்லை. எங்கே கவனிப்பது, பார்க்கவே இல்லையே.

ஆவணி 9, திங்கள்

முயற்சி செய்தோம். கதவைச் சாத்திக்கொண்டு. வலது கடைவாய் திறந்துகொண்டு காற்று போகிறது. வெள்ளத்தாயி தன் கையால் என் கன்னத்தைப் பொத்தி, கடைவாயை மேலே தூக்கிப் பிடித்தாள். உள்ளங்கை காதோரம், விரல்கள் முகம் முழுக்க. "இப்பப் போடு" என்றாள்.

வந்தது.

சின்னதாகத்தான் வந்தது. ஆனால் குலவை. தெருநாய் ரெண்டு ஊளையிட்டன. கயல் கதவைத் தட்டி, "யாருக்கு என்னாச்சு?" என்று கத்தினாள்.

ஆவணி 13, வெள்ளி

தலைவாசலுக்கு வெள்ளையடித்தார்கள். கரும்பு வந்தது. கயலுக்கு மருதாணி. சாம்பாரில் உப்பு இருக்கிறது. உமாவிடம் சொல்லவில்லை, சொன்னால் ஆடுவாள்.

ஆவணி 14, சனி

காலையில் எல்லாரும் மண்டபம் பார்க்கப் போயிருந்தார்கள். பால் காய்ச்சினேன். ஆடை படிந்தது. ஊதினேன்.

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அப்புறம் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, உதட்டைக் குவித்துப் பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் இருந்தேன். இன்றைக்கு எழுத வேறொன்றும் இல்லை.

ஆவணி 15, ஞாயிறு

வெள்ளத்தாயி வந்தாள். நீவினாள். "எதாவது தெரியுதா மதினி?" என்றாள். "ம்ஹும்" என்றேன். "விட்டேனா பாரு" என்று இன்னும் கால்மணி நேரம் நீவினாள்.

ஆவணி 18, புதன்

பெண்ணழைப்பு. ராத்திரி மண்டபத்தில் ஒரே பாயில் படுத்தோம். என் கண்ணுக்குப் பிளாஸ்திரி ஒட்டிவிட்டு, "நாளைக்குக் கண்ண மூடுறப்ப நல்லா மூடு" என்றாள். "அன்னைக்குக் கோயில்ல மூடுன மாதிரி அரைகுறையா மூடி வைக்காத. நான் எதுன்னு எடுத்துக்கிறது?"

அவள் என்ன சொல்கிறாள் என்று புரியாதவள் மாதிரி திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஆவணி 20, வெள்ளி

நேற்று எழுத நேரமில்லை.

முகூர்த்தம் நெருங்கியதும் ஸ்பீக்கர் செட்டுக்காரன் லேப்டாப்பில் விரலை வைத்துக்கொண்டு தயாராக நின்றான். ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். கயல் குனிந்திருந்தவள் தலையை ஓரமாகத் திருப்பி என்னைத் தேடினாள். நான் வெள்ளத்தாயியைப் பார்த்தேன். "கைய வைடி" என்றேன்.

வைத்தாள். உள்ளங்கை காதோரம், ஐந்து விரலும் விரித்து, டாக்டர் காட்டிய அதே மாதிரி. மோதிரக் கல் நெற்றிப்பொட்டில் குத்தியது. கெட்டிமேளம் கிளம்பியது. நானும் கிளப்பினேன்.

நாதஸ்வரக்காரர் திரும்பிப் பார்த்தார். அதை மட்டும் எழுதுகிறேன், மற்றதை வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம். மூச்சு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இருந்தும் இடது கண்ணை மூடினேன், நன்றாக. அவள் எடுத்தாள். அவளுக்கு மூச்சு வாங்குவதற்குள் அவள் கண்ணை மூடினாள். நான் எடுத்தேன். தாலியின் மூன்று முடிச்சும் விழுந்து, அட்சதை தீர்ந்து, மேளக்காரர் கையை எடுத்த பிறகும் போய்க்கொண்டிருந்தது. லேப்டாப்காரன் விரலை எப்போது எடுத்தான் என்று தெரியாது. செல்வராசு தூணுக்குப் பின்னால் நின்றான்.

கயல் அழுதாள். உமா அழுதாள். எனக்கு ரெண்டு கண்ணிலும் தண்ணீர். வலது நரம்பினால். இடதில் ஓமப்புகை.

பந்தியில் வெள்ளத்தாயி, "விசிலே வரலையே மதினி, கேஸ் தீந்துருச்சா?" என்றாள். கன்னத்திலிருந்து அவள் கையில் ஒட்டிய எண்ணெய், தோளைத் தட்டியதில் என் பட்டு ரவிக்கைத் தோளில் ஐந்து விரலாகப் படிந்திருக்கிறது. பொட்டில் மோதிரக்கல் பட்ட தடம். முதலாவது தலைமுடி, ரெண்டாவது குக்கர், மூன்றாவது இது.

ஆவணி 22, ஞாயிறு

ஜெனிபர் வந்து சோதித்தாள். புருவம் தூக்கச் சொன்னாள், பாதி தூக்கியது. பல்லைக் காட்டச் சொன்னாள், காட்டினேன். கன்னத்தை உப்பச் சொல்லி, விரலால் குத்திப் பார்த்தாள். காற்று போகவில்லை. பக்கத்தில் வெள்ளத்தாயி எண்ணெய்க் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாட்டி, வாய் நல்லாப் பிடிக்குதே! இது நேத்து இன்னைக்கு வந்ததில்ல, ஒரு வாரமாவது ஆகியிருக்கணும். பால் ஆடை எப்ப நகர ஆரம்பிச்சுச்சு?"

"ஞாபகம் இல்ல" என்றேன்.

அடுப்படியில் உமா கரண்டியைக் கீழே போட்டாள். வெள்ளத்தாயி என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் விரலை எண்ணெயில் தோய்த்துக்கொண்டு, "திரும்பு மதினி" என்றாள்.